மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை

முழங்கால்படியிட்டு ஜெபிப்போம் என்று போதகர் சொன்னதும், பெஞ்சை விட்டு அசையாமல் தலையை மட்டும் தாழ்த்திக்கொள்கிற வயது நமக்கு வந்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை, போன வாரம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு மகராசி, "சின்ன வயசுல நம்ம வீடுகள்ல நடந்த குடும்ப ஜெபம் மாதிரி வருமா? பிள்ளைங்க விசுவாசத்துல வளர்ந்துச்சுங்க" என்று பெருமூச்சு விட்டாள். எனக்குச் சுருக்கென்று ஒரு வார்த்தை நாக்கு வரை வந்தது. ஆலயம் என்பதால் அடக்கிக்கொண்டேன். அடக்கியது ஒரு வாரமாக உள்ளே கிடந்து அரிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நானும் குடும்ப ஜெபத்தில் வளர்ந்தவள்தான். அந்த ஜெபத்தாலேயே ஒரு குடும்பத்தை வீட்டை விட்டுக் கிளப்பியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது பதினொன்று.

கொடைக்கானலில் எங்கள் சபைக்கு ஓர் ஓய்வு இல்லம் இருந்தது. நாயுடுபுரத்துக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன நீளமான ஓட்டுக் கட்டடம். அப்பா அதற்கு மேனேஜர். பேர்தான் மேனேஜர், குழாய் அடைத்தால் கம்பி விட்டுக் குத்துவதும் அவர்தான், குரங்கு ஓட்டைப் பிரித்தால் ஏணி போட்டு ஏறுவதும் அவர்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் கீழ்நாட்டிலிருந்து போதகர்கள் குடும்பத்தோடு வருவார்கள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டம் பஸ்ஸில் வந்து இறங்கும், சனிக்கிழமை காலையில் அதே பஸ்ஸில் மலையிறங்கிப் போகும். ஞாயிற்றுக்கிழமை அவரவர் சபையில் பிரசங்கம் பண்ண வேண்டுமே. இதற்கு 'ஆவிக்குரிய ஓய்வு' என்று பெயர். வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும்.

காலையில் தியானம், பிறகு அவித்த முட்டை, பிறகு ஏரிப் பக்கம் ஒரு நடை, மத்தியானம் தூக்கம். எங்கள் வராந்தாவில் கேட்ட குறட்டையை எந்தப் பாட்டுக்குழுவிலும் நான் கேட்டதில்லை. கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். வருஷம் முழுக்க ஊராரின் கண்ணீரையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்து அலுத்த மனிதர்கள் அவர்கள். அந்த ஐந்து நாள் அவர்களுக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. வரும்போது சுண்டிப்போயிருந்த முகங்கள் போகும்போது தெளிந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு அறை, இருபத்து நான்கு கட்டில், இருபத்து நான்கு விரிப்பு. இந்தக் கடைசிக் கணக்கில்தான் எல்லா வினையும் இருந்தது. மாற்று விரிப்பு கிடையாது. வெள்ளைக்காரர் காலத்துக் கனத்த பருத்தி விரிப்புகள், ஓரத்தில் நீல நூலால் எண் போட்டிருக்கும். நனைந்தால் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொரு செட்டு வேண்டும் என்று அப்பா வருஷா வருஷம் கமிட்டிக்கு எழுதுவார். கமிட்டி வருஷா வருஷம் ஜெபத்தில் வைத்திருப்பதாகப் பதில் எழுதும்.

சனிக்கிழமை காலையில் போதகர்கள் போனதும் விரிப்புகளை உருவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பார் சோப்புத் தேய்த்து அடித்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். கொடைக்கானல் மே மாதம் உங்களுக்குத் தெரியாததா? பத்து மணிக்கு வெயில் பல்லைக் காட்டும், இரண்டு மணிக்கு மேகம் இறங்கும், மூன்று மணிக்கு மழை. கனத்த விரிப்பு எங்கே காய்வது? ஞாயிறு ஓய்வுநாள். திங்கள் மத்தியானம் அடுத்த பஸ். ஆனாலும் திங்கள் காலையில் இருபத்து நான்கு கட்டிலிலும் விரிப்பு மடிப்புக் கலையாமல் வெள்ளை வெளேரென்று கிடக்கும். எப்படி என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. பெரியவர்கள் சில கேள்விகளை ஏன் கேட்பதில்லை என்பது நமக்கு இப்போது தெரியும், நாமே பெரியவர்கள் ஆகிவிட்டோமே.

ஓய்வுநாள் என்றால் எங்கள் வீட்டில் ஓய்வுநாள்தான். சனிக்கிழமையே அம்மா சோறு, குழம்பு எல்லாம் ஆக்கி வைத்துவிடுவார், ஞாயிறு அடுப்பு மூட்டக் கூடாது. கொடைக்கானல் குளிரில் முதல்நாள் சோறு எப்படி இருக்கும் என்று சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். ஓடக் கூடாது. கத்திரிக்கோலைத் தொடக் கூடாது. பிளம்ஸ் மரத்தடியில் பழுத்து விழுந்து கிடந்தாலும் குனிந்து பொறுக்கக் கூடாது, பொறுக்குவதும் வேலைதானாம். எறும்பு மட்டும் ஆனந்தமாகத் தின்னும். நான் ஆலயம் விட்டு வந்து பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா கொடியவர் இல்லை. வாரத்தில் ஒருநாளாவது மனிதனை யாரும் வேலை வாங்கக் கூடாது என்று உண்மையாகவே நம்பினார். வேலைக்காரர்களுக்கும் அன்று விடுமுறை என்று பெருமையாகச் சொல்லுவார்.

மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தண்டவாளத் துண்டில் அப்பா மூன்று தட்டுத் தட்டினால் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். கணப்பில் தைல மரக் கட்டை எரியும். விருந்தாளிகள் நாற்காலியில், நாங்கள் பாயில், வேலை செய்பவர்கள் சமையலறை வாசல்படி ஓரமாகத் தரையில். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு வட்டமாக ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். இதில் பிள்ளைகளுக்கு அப்பா ஒரு விதி வைத்திருந்தார்: ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு ஆளைச் சொல்லி, அந்த ஆளுக்கு என்ன தேவையோ அதைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். "எல்லாரையும் ஆசீர்வதியும்னு மொத்தமாச் சொல்லிட்டுத் தப்பிக்கக் கூடாது. அது சோம்பேறி ஜெபம்" என்பார். நான் சோம்பேறி இல்லை. பால்காரர் முழங்கால் வலி, தபால்காரர் மனைவியின் இருமல், எதிர்வீட்டு நாயின் சொறி வரைக்கும் கர்த்தரிடம் கொண்டுபோனவள். "பாப்பா என்னமா ஜெபிக்குது!" என்று போதகரம்மாக்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அந்தக் கிள்ளலுக்கு நான் ஏங்கினேன் என்பதை ஒளிப்பானேன்.

விரிப்பு வெளுக்கிற அக்கா இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, திடீரென்று ஒருநாள் இது உன் ஊர் இல்லை என்று சொல்லப்பட்டு வந்தவர்களில் ஒருவர். புருஷன் வந்த இரண்டாம் வருஷமே நெஞ்சுச் சளியில் போய்விட்டார். இல்லத்தின் பின்னால் பாய்லர் கொட்டகையை ஒட்டி ஓர் அறை, அதில் அவரும் அவர் மகளும். அந்த ஒற்றை அறையை அவர்கள் 'லயம்' என்றார்கள். ரொட்டியைப் 'பாண்' என்றார்கள். அந்த மகள்தான் என் சிநேகிதி. எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. வாராவாரம் மாறுகிற போதகர் வீட்டுப் பிள்ளைகளோடு எவ்வளவுதான் ஒட்ட முடியும்?

அவள் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். கெட்டிக்காரி. ஒருமுறை கேட்ட பாட்டு அவளுக்கு மறக்காது. நான் விரலை மடக்கிக் கொண்டிருக்கும்போதே கணக்கு விடையைச் சொல்லிவிட்டு, நான் கண்டுபிடிக்கட்டும் என்று வேறு பக்கம் பார்ப்பாள். ஜூன் மாதம் நாங்கள் இருவரும் கீழே மிஷன் விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர வேண்டும். எனக்கு இடம் உறுதி. அவளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டாமல் படிக்கிற இடம் வேண்டும், அதற்கு அப்பா எழுதி, கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம் வேண்டும். அப்பா எழுதி முடித்துவிட்டார். உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். தினமும் ஒருதரம் அவள் வந்து, "கடுதாசி இருக்கா?" என்று கேட்பாள். நான் இழுப்பறையைத் திறந்து காட்டுவேன். தொட மாட்டாள், பார்த்துவிட்டுப் போவாள். அவளிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது, மூடியில் யானை ஊர்வலப் படம். விடுதிக்குக் கொண்டுபோக இரண்டு பென்சிலும் ஒரு ரிப்பனும் அதற்குள் காத்திருந்தன.

அவர்கள் லயத்திலும் குடும்ப ஜெபம் உண்டு. ஒருநாள் நான் போனபோது அடுப்புப் பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கையைக் கூப்பி, "இன்னைக்கும் பாத்துக்கிட்டீங்க சாமி" என்றார். அவ்வளவுதான். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். அடுப்பில் சுள்ளி வெடிக்கிற சத்தம் மட்டும். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் மேனேஜர் மகள் அல்லவா, "சாமின்னு சொல்லக் கூடாதுக்கா, கர்த்தர்னு சொல்லணும். அப்புறம் இது ரொம்பச் சின்ன ஜெபம்" என்று திருத்தினேன். அக்கா சிரித்துவிட்டு எனக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு. ஆலயம் விட்டு வந்து, பழைய சோறு தின்று, அப்பா படுத்துவிட்டார். எனக்குப் பொழுது போகவில்லை. சிநேகிதியைத் தேடிப் பின்பக்கம் போனேன். லயம் பூட்டிக் கிடந்தது. பாய்லர் கொட்டகைக் கதவிடுக்கில் சூடு அடித்தது. தள்ளிப் பார்த்தேன். உள்ளே கயிறு கயிறாக விரிப்புகள் தொங்கின. நடுவில் பலகை போட்டு அக்கா கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் வியர்வையில் நனைந்திருந்தது. சிநேகிதி ஒரு செம்பிலிருந்து தண்ணீர் எடுத்துத் தெளித்துக்கொண்டிருந்தாள். கஞ்சியும் கரிப்புகையும் கலந்த வாடை. என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த செம்பு விழுந்தது.

என்னை வெளியே இழுத்து வந்து, "யாருகிட்டயும் சொல்லிராத புள்ள. ஒங்கப்பாக்குத் தெரிஞ்சா எங்கள வெரட்டிருவாரு. கடுதாசியும் போயிரும்" என்றாள்.

"இன்னைக்கு ஓய்வுநாளாச்சே. பாவமில்லையா?"

"இருபத்து நாலு இருக்கு. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சாலும் முடியாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக் கூடாது" என்றேன். அதிலும் ஒரு பிரசங்கம். "ஆனா மனுஷர் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஈரமாக, சூடாக இருந்தது அந்தக் கை.

மூன்று நாள் எனக்குப் பயம். அவளுக்கு நரகம் கிடைத்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது, ஆனால் கர்த்தரிடம் சொல்லாமல் இருக்கலாமா? அவரிடம் சொல்வது எப்படிச் சொல்வதாகும்? இப்போது இதைப் படிக்கிற நீங்கள், ஜெப வீடுகளில் வளராதவர்களாக இருந்தால், இப்படியும் ஒரு மடச்சி உண்டா என்று கேட்பீர்கள். வளர்ந்தவர்கள் கேட்க மாட்டீர்கள். கண்ணை மூடிவிட்டால் கூடத்தில் யாருமே இல்லை என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் வந்த கூட்டத்தில் கமிட்டித் தலைவரான பெரிய போதகரும் இருந்தார். திங்கள் மாலையே ஒரு போதகர் வீட்டுப் பையன், குடிக்கிற தன் சித்தப்பாவுக்காகத் தேம்பித் தேம்பி ஜெபித்தான். பெரிய போதகர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று நான் ஜெபித்தது தபால்காரர் மனைவியின் இருமலுக்கு. எனக்கு அவமானமாகிவிட்டது. பாதி அன்பு, பாதி பெருமை என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, பெருமைதான் கூட.

புதன்கிழமை. அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பெரிய போதகர் சிநேகிதியின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். உறை மறுபடி இழுப்பறைக்குப் போயிருந்தது. மாலை ஜெபத்தில் அக்காவும் சிநேகிதியும் வழக்கம்போல வாசல்படி ஓரம் இருந்தார்கள். என் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே, என் சிநேகிதிய உம்முடைய கையில ஒப்புக்கொடுக்கிறேன். அவ அம்மா ஓய்வுநாள்ல பாய்லர் கொட்டகைக்குள்ள ஒளிஞ்சு விரிப்பெல்லாம் தேய்க்கிறாங்க ஆண்டவரே. அவளும் தண்ணி தெளிச்சுக் குடுக்கிறா. அவங்க மேல கோவப்படாதீங்க. அவங்களுக்குக் கட்டளை சரியாத் தெரியாது. அவங்கள நரகத்துக்கு அனுப்பிராதீங்க ஆண்டவரே."

கடைசியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பையனைவிட நன்றாக அழுதேன்.

ஆமென் யாரும் சொல்லவில்லை. கணப்புக் கட்டை சடசடத்தது. கண்ணைத் திறந்தபோது எல்லாரும் வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிநேகிதி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய போதகர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. "அன்போடதாம்மா கேக்கிறேன். பிள்ளை சொன்னது மெய்தானா?" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். "ஆமாங்கய்யா. சனிக்கெழம மழையில ஒண்ணும் காயமாட்டேங்குது. திங்கக்கெழம விரிச்சாகணும். நான் என்ன செய்ய? அம்மாவக் கேளுங்கய்யா."

எல்லாரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா பாட்டுப் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு நூல் பிரிந்திருந்தது போல, அதையே தடவினார். "நான் என்னத்தக் கண்டேன்? கொட்டகைச் சாவி அவகிட்டதானே கெடக்கு. எனக்கு அடுப்படிச் சோலியே தலைக்கு மேல" என்றார்.

அக்கா அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி" என்று பெரிய போதகர் அப்பாவிடம் திரும்பினார். "ஓய்வைத் தேடி வர்ற வீட்டுலயே இப்படி நடந்தா வெளியில என்ன சாட்சி இருக்கும்? இது தண்டனை இல்ல. அந்தம்மா மனந்திரும்ப ஒரு வழி. சனிக்கெழம வேற எடம் பாத்துக்கட்டும்."

அப்பா வியர்த்துப்போனார், அந்தக் குளிரில். "ஐயா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கடுதாசி..." என்று மட்டும் இழுத்தார்.

"எங்க அது?"

அப்பா போய் எடுத்து வந்தார். பெரிய போதகர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, இரண்டாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் வந்து தலையில் கை வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு ஜெப வரம் இருக்கு. வாடாமப் பாத்துக்கோங்க."

உங்களிடம் பொய் சொல்ல எனக்கு இனி நேரமில்லை. அந்தக் கை தலையில் இருந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜெபம் முடிந்து எல்லாரும் படுக்கப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தேய்த்த விரிப்புகள் மேல்தான் படுத்தார்கள். பன்னிரண்டு அறையிலும் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. பெரிய போதகரின் குறட்டை வழக்கம்போல வராந்தா முழுக்கக் கேட்டது.

வியாழனும் வெள்ளியும் சிநேகிதி வெளியே வரவில்லை. சனிக்கிழமை காலை போதகர்கள் பஸ் கிளம்பியது. அவர்கள் கையசைத்துக்கொண்டு போனார்கள். அதே வாசலில் கொஞ்சம் தள்ளி அக்காவும் அவளும் இரண்டு மூட்டையோடு நின்றார்கள். கூக்கால் கிராமத்துக்குப் பூண்டு ஏற்றப் போகிற லாரி வர வேண்டும். அங்கே தோட்டத்தில் பூண்டு பிடுங்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அம்மா ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்து அனுப்பினார். தான் வரவில்லை.

அக்கா ரொட்டியை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று வீசி எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அம்மாகிட்ட சொல்லு, கரி மூட்டை பாதி கெடக்கு. கொட்டகை ஒழுகுது, நனையாம எடுத்து வைக்கச் சொல்லு" என்றார்.

"கரி எங்கம்மாவா குடுத்தாங்க?"

"பின்ன? சனிக்கெழமதோறும் அம்மாதானே நாயுடுபுரத்துல வாங்கியாந்து குடுப்பாங்க. எங்களுக்கு ஏது கரி?"

"அப்ப அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"சொன்னேனே. அம்மாவக் கேளுங்கன்னு. அவங்க சொல்லிட்டாங்கல்ல" என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். லாரி வருகிறதா என்று வளைவைப் பார்த்தார்.

நான் சிநேகிதியின் பக்கம் போனேன். கையில் பிஸ்கட் டின்னை வைத்திருந்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதானே. "தினமும் ஒனக்காக ஜெபம் பண்ணுவேன்" என்றேன்.

"வேணாம்" என்றாள். "நீ யாருக்காகன்னாலும் பண்ணிக்க. எனக்காகப் பண்ணாத."

லாரி வந்தது. தங்கள் மூட்டைகளை ஏற்றி, அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாள் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை கூக்காலுக்குப் போனேன். போவதற்கு ஒரு பஸ், வருவதற்கு ஒரு பஸ் இருந்த காலம். ஏரிக்கரையில், பூண்டுக் கொட்டகைகளில் கேட்டேன். சிலோன்கார அம்மாவும் பிள்ளையுமா, இரண்டு வெள்ளாமைதான் இருந்தார்கள், பாச்சலூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி என்றார்கள். அந்தப் பிள்ளை படித்ததா என்று கேட்டேன். எனக்குப் பதில் சொன்ன அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பூண்டைத் தாள் வெட்டத் தொடங்கினார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். அந்த நாற்காலியில் என்னைவிட நன்றாக உட்கார்ந்திருக்கக் கூடியவள் ஒருத்தி இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். லாரி போனதும் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா வழியில் நின்றார். "என்ன சொன்னா?" என்றார்.

"கரிய நனையாம எடுத்து வைக்கச் சொன்னாங்க."

"சரி" என்றார் அம்மா. அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார். நானும் அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்கு நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. விரிப்புகளை அம்மாவும் நானும்தான் அலசினோம். என் விரல் நுனியெல்லாம் சோப்பில் வெளுத்துச் சுருங்கின. கஞ்சி போட்டு, கொட்டகைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஞாயிறு ஆலயம் விட்டு வந்து, பழைய சோறு தின்று, அப்பா படுத்தார். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பின்பக்கம் போனோம்.

"கதவச் சாத்து" என்றார்.

"அம்மா, இன்னைக்கு ஓய்வுநாள்."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பஸ் வருது. விரிப்பு இல்லன்னா ஒங்கப்பாவுக்கு வேலை இல்ல. நாமளும் லாரி ஏறணும். வெரசாத் தண்ணி தெளி."

நான் செம்பை எடுத்துத் தெளித்தேன். அம்மாவுக்குக் கரிப்பெட்டி பழக்கமில்லை. இரண்டு இடத்தில் விரிப்பு மஞ்சளாகத் தீய்ந்தது. அதை உள்பக்கமாக மடித்துப் போட்டார். அவரும் பயந்தவர்தான், பாவம். ஒரு சொல் சொல்லியிருந்தால் நாங்கள் தெருவில் நின்றிருப்போமோ என்னவோ. அந்தச் சொல்லைச் சொல்லாததால் வேறு இரண்டு பேர் நின்றார்கள். இதை இத்தனை வருஷம் எப்படிப் புரட்டிப் பார்த்தும் எனக்கு அம்மாவை முழுதாக மன்னிக்க முடியவில்லை. வெறுக்கவும் முடியவில்லை.

"அப்பாக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அம்மா பதில் சொல்வதற்குள் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. அப்பாவின் செருமல். கதவிடுக்கில் அவருடைய செருப்பு தெரிந்தது. கூரை வழியே புகை போய்க்கொண்டுதான் இருந்தது, கரிப்பெட்டிச் சூட்டில் ஈரத் துணி சீறுகிற சத்தமும் கேட்டிருக்கும். அம்மா கையைத் தூக்கியபடியே நின்றார். கொஞ்ச நேரம் நின்ற காலடி மெல்லத் திரும்பிப் போனது. அம்மா மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

திங்கள் பகல் புதுக் கூட்டம் வந்தது. ஒரு வயதான போதகரம்மா கட்டிலைத் தடவி, "என்னா சுத்தம்! இங்க வந்து படுத்தாத்தாம்மா எங்களுக்கு ஓய்வு" என்றார். "கர்த்தருடைய கிருபை" என்றார் அம்மா.

மாலை ஏழு மணிக்கு அப்பா தண்டவாளத்தைத் தட்டினார். எல்லாரும் கூடினார்கள். வாசல்படி ஓரம் சமையல்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அப்பா தம் ஜெபத்தில், கடந்த ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்கக் கிருபை செய்ததற்காக நன்றி சொன்னார். குரல் நடுங்கவே இல்லை. பிறகு என் முறை. போன வாரத்துச் சங்கதி இந்தக் கூட்டத்துக்கும் எட்டியிருந்தது போலும், ஜெப வரம் உள்ள பிள்ளை என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை, அரைக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கண்ணும் திறந்துதான் இருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இங்க வந்திருக்கிற எல்லாருக்கும் நல்ல ஓய்வு தாரும்" என்றேன். அப்பா சொல்லும் சோம்பேறி ஜெபம்தான்.

ஆமென் என்றார்கள் எல்லாரும். அம்மாவின் ஆமென்தான் மற்றவர்களுடையதைவிடச் சத்தமாகக் கேட்டது.